வாசல் இல்லாத கம்பெனி

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைத் தேநீரோடு படிக்க உட்கார்ந்தேன். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களையும் அவற்றின் கோடீஸ்வர அதிபர்களையும் ஜனங்கள் நம்பாமல் பார்ப்பதற்குப் பொறாமையும் அறியாமையுமே காரணம் என்கிறார் கட்டுரையாளர். தேநீர் ஆறிப்போனது.

நான் அஞ்சல் துறையில் 31 ஆண்டுகள் இருந்தவன். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோதுகூட நான் அழவில்லை. பேரனோடு தினமும் வீடியோவில்தான் பேசுகிறேன். இயந்திரத்தோடு எனக்குச் சண்டை கிடையாது.

கொடைக்கானல் பக்கத்து வில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் உண்டு. மருமகள் அவற்றைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். சென்ற சித்திரையில், அறை பதிவு செய்யும் ஒரு செயலி அவள் கணக்கைத் திடீரென முடக்கியது. காரணம் என்று ‘விதிமீறல்’ என்ற ஒரே ஒரு சொல். எந்த விதி, யார் மீறியது? கேட்டு எழுதினாள். ஒரு நிமிடத்துக்குள் ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று பதில் வந்தது. அதற்குள் அவள் என்ன பொறுமை காட்டியிருப்பாள்? மூன்று வார வாடகைப் பணம் அவர்கள் கையில். நாற்பது நாள் கழித்து, முடக்கியதைப் போலவே காரணம் சொல்லாமல் கணக்கைத் திறந்துவிட்டார்கள். பணமும் வந்தது, ஒரு குடும்பம் தங்கியதற்கான வாடகை மட்டும் குறைந்து. மே மாத சீசன் போனது போனதுதான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி நுகர்வோர் புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். ஆனால் மருமகள் அங்கே நுகர்வோர் அல்லவே, அறையை விற்பவள்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் 200 ரூபாய் மணியார்டர் ஒன்றை, ஒரே பெயர் கொண்ட வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வாரத்தில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தொகையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். இரண்டு இரவு தூக்கம் இல்லை. அந்நாளில் பதிவுத் தபாலும் அப்படித்தான் இருந்தது. காணாமல் போனால், கடைசியாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் யாரென்று ஏட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். மருமகளின் கணக்கை முடக்கியவர் எந்த ஏட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்?

கொடைக்கானல் மேல்மலையில் விளையும் பூண்டு தேனி மாவட்டம் வடுகபட்டி சந்தைக்கு இறங்குகிறது. அங்கே மண்டிக்காரர்கள் எல்லோரும் தர்மராஜாக்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எடையில் சந்தேகம் வந்தால் தராசின் முன்னால் நின்று சண்டை போடலாம். அடுத்த சந்தைக்கு மூட்டையை வேறு மண்டியில் இறக்கலாம். ஒரே மண்டிக்காரர் எல்லா லாரிக்காரர்களுக்கும் பணம் கொடுத்து, ‘என் வாசலில் மட்டும் இறக்கு’ என்றால் அந்தச் சந்தை என்ன ஆகும்? கூகுள் செய்தது கிட்டத்தட்ட அதுதான். போனிலும் பிரவுசரிலும் தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக 2021-இல் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அது ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். நம் நாட்டுப் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில் போன்களை இயக்கும் ஆண்ட்ராய்டு மென்பொருள் விவகாரத்துக்காக அதே நிறுவனத்துக்கு 1,337 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இவர்களெல்லாம் பொறாமைப்பட்டா அப்படிச் செய்தார்கள்?

அதிபர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் விண்வெளியின் விளிம்பைத் தொட்டுவிட்டு இறங்கிய ஜெஃப் பெசோஸ், இதற்கெல்லாம் பணம் கொடுத்தது நீங்கள்தான் என்று அமேசான் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி சொன்னார். உண்மையைச் சொன்னாரே, அதுவரைக்கும் சரி. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றபோது பெசோஸும், ஃபேஸ்புக் ஜூக்கர்பெர்க்கும், டெஸ்லா மஸ்க்கும், கூகுள் சுந்தர் பிச்சையும், அமைச்சர்களாகப் போகிறவர்களுக்கும் முன்வரிசையில் இருந்தார்கள். பிச்சை மதுரையில் பிறந்தவர் என்பதில் மலை மேல் இருக்கும் எனக்கும் பெருமை உண்டு. ஆனாலும் அந்த இருக்கை வரிசையைப் பார்த்தபோது பெருமை தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை.

கொடைக்கானல்காரனுக்கு இந்தச் சந்தேகம் செல்போனோடு வந்ததல்ல. இங்கே இருந்த இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு, 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்தது. ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆகிவிட்டது. பதினைந்து வருடம்! ஆனால் அந்த ஆலைக்கு ஒரு கேட் இருந்தது. அதன் முன்னால் போய் நின்று குரல் எழுப்ப முடிந்தது. மருமகள் எந்தக் கேட்டின் முன்னால் நிற்பாள்?

கட்டுரையாளர் விவரம் அறிந்தவர் என்று தெரிகிறது. ஒரு மனிதர் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் முகவரி அந்தச் செயலி நிறுவனத்துக்கு இருந்தால், உங்கள் பத்திரிகை வழியாகத் தெரிவிக்கட்டும். குறைந்துபோன அந்த ஒரு குடும்பத்தின் வாடகைக் கணக்கை எழுதி, ஒப்புகை கேட்டு நானே அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
வில்பட்டி, கொடைக்கானல்.