கதை சொல்கிறவரை வெட்டிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் ‘பொன்னியின் செல்வன்’ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த நாவலைச் சுருக்கி மாணவர் பகுதியில் தொடராகப் போடும் யோசனை இருப்பதாக அதன் கீழே குறிப்பு எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை. 2022இலும் 2023இலும் திரைப்படம் இரண்டு பாகமாக வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் புத்தகத்தைத் தேடி வாங்குகிறார்கள். ஐந்து பாகத்தின் பருமனைப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சுருக்கம் உதவும். ஆனால் எதை எதை வெட்டலாம் என்று கட்டுரையாளர் சொல்லியிருப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஆசிரியர் குறுக்கே வந்து நேயர்களிடம் பேசுவது, மறைந்து நின்று ஒட்டுக்கேட்பது, அத்தியாயக் கடைசியில் திடுக்கிட வைப்பது எல்லாம் காலாவதியான உத்திகள், அவற்றை எடுத்துவிட்டால் கதை வேகமாக ஓடும் என்கிறார். மற்றவற்றைப் பற்றிப் பேசலாம். ஆசிரியரின் பேச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கல்கியின் நாவலாக இருக்காது.

கல்கி இதை 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை வாராவாரம் எழுதினார். மூன்றரை வருடம். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் வாசகருக்கு வேலை, சம்பளம், காய்ச்சல், கல்யாணம் என்று எத்தனையோ வந்து போயிருக்கும். திரும்பி வருகிறவரைக் கைபிடித்து, போன வாரம் நின்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்த ஒருவர் வேண்டும். அவர்தான் கதைசொல்லி. “இவரை இங்கே விட்டுவிட்டு அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்” என்ற வகையில் அவர் பேசுவது அதற்காகத்தான்.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கதையைப் படித்தவர்களைவிடக் கேட்டவர்கள் அதிகம். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள் இங்கே வருவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது, அதற்கு முன் வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணி வைத்திருந்த பழைய தொகுதிகள்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு லயம் கை மாறின. ஓவியர் மணியத்தின் படங்கள் இருந்த பக்கங்களை யாராவது உருவியிருப்பார்கள். சில அத்தியாயங்களுக்குத் தலை இருக்காது, சிலவற்றுக்கு வால் இருக்காது. எங்கள் லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், குப்பி லாம்பை வைத்துக்கொண்டு என் மாமா வாசிப்பார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, உலையும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த பெண்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். என் அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் கதையில் வரும் சிற்றரசர் குலங்களில் கொடும்பாளூர் யார் பக்கம், பழுவூர் யார் பக்கம் என்று அவர் ஒருநாளும் தடுமாறியதில்லை. கதைசொல்லி இடம் மாறப்போகிறேன் என்று அறிவிக்கும்போதுதான் யாராவது எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார்கள். பிந்தி வந்தவர்கள் விட்ட கதையைக் கேட்பார்கள். ஒரே மூச்சாக ஓடுகிற, சுருக்கி இறுக்கிய கதையாக இருந்திருந்தால் அந்த இஸ்தோப்பில் பாதிப்பேர் முதல் வாரத்திலேயே வழி தவறியிருப்பார்கள்.

இன்னொன்றையும் கட்டுரையாளர் யோசிக்க வேண்டும். கதையில் வரும் சோழ இளவரசன் அருள்மொழிவர்மன்தான் பின்னாளில் இராஜராஜன் என்று கதைக்குள் போகுமுன்பே நமக்குத் தெரியும். 985இல் அவன் பட்டத்துக்கு வந்தது பள்ளிப் பாடம். அவன் கடலில் விழும்போதும், விஷக்காய்ச்சலில் கிடக்கும்போதும், பிழைத்துக்கொள்வான் என்று தெரிந்துகொண்டேதான் நாம் பதறுகிறோம். எங்கள் தோட்டங்களில் மாசியில் தொடங்கும் காமன் கூத்தும் அப்படித்தான். மதன் எரியப்போகிறான் என்பது தப்பு அடிக்கிறவர் முதல் மடியில் இருக்கும் குழந்தை வரை எல்லாருக்கும் தெரியும். வருடா வருடம் அதே ரதி அழுகிறாள், வருடா வருடம் நாமும் அழுகிறோம். முடிவு தெரிந்த கதையில் கேட்கிறவரைக் கட்டிப்போடுவது சொல்கிறவரின் குரல். அந்தக் குரலை எடுத்துவிட்டு “அடுத்து என்ன நடந்தது” என்பதை மட்டும் கொடுத்தால், முதல் பக்கத்திலேயே தெரிந்த விடையைத்தான் பிள்ளைகளுக்குத் திரும்பவும் கொடுக்கிறோம்.

ஒட்டுக்கேட்பது பற்றி. அளவுக்கு மேலே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தூணுக்குப் பின்னாலும் புதருக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் எப்போதும் நின்றுகொண்டே இருக்கிறார். நாலைந்து இடங்களில் குறைத்தால் நாவலுக்கு நட்டமில்லை. ஆனால் கடம்பூர் மாளிகைக் காட்சியில் கை வைக்காதீர்கள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற வாலிப வீரன் வந்தியத்தேவன், அன்று இரவே அந்த மாளிகையில் வந்து சேர்கிறான். குரவைக் கூத்து முடிகிறது, தேவராளன் வெறியாட்டம் ஆடி அரச குலத்து இரத்தம் கேட்கிறான், எல்லாரும் உறங்கப் போகிறார்கள். நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிப் பேசுவதை வந்தியத்தேவன் மேலே இருந்து பார்க்கிறான். அவர்கள் நடுவில் மூடுபல்லக்கு. அதற்குள்ளே பழுவூர் இளையராணி இருப்பதாகத்தான் ஊரும் நினைக்கிறது, அவனும் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். திரை விலகும்போது வெளியே வருவது, பட்டத்துக்கு ஆசைப்படும் இன்னொரு சோழ வாரிசான மதுராந்தகன். ஒரு பல்லக்கு, ஒரு திரை, மேலே ஒளிந்திருக்கும் ஒரு வாலிபன். இந்த மூன்றை வைத்து, சோழ நாட்டின் வாரிசுச் சிக்கல் முழுவதையும் நாலு பக்கத்தில் புரியவைத்துவிடுகிறார் கல்கி.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நம்பமுடியாத காட்சியாகவும் தோன்றாது. ஆள் குறைக்கப்போகிறார்கள் என்ற சேதியும், தோட்டத்துத் துரை மாற்றலாகிப் போகிறார் என்ற சேதியும், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் சொல்லப்படுவதற்கு எத்தனையோ நாள் முந்தியே லயத்துக்கு வந்துவிடும். கொண்டுவருகிறவர், துரை வீட்டில் வேலை செய்யும் பங்களா அப்பு. விருந்து மேசைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனவர், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது அது. அதிகாரம் மூடிய அறைக்குள் பேசுகிற இடத்தில், வெளியே இருக்கிறவனுக்குக் காது ஒன்றுதான் வழி. வந்தியத்தேவன் வாணர் குலத்தவன்தான். ஆனால் அன்றைக்கு அவனிடம் ஊருமில்லை, படையுமில்லை. அவனை ஒட்டுக்கேட்க வைத்ததில் பெரிய நியாயம் இருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, அருள்மொழியின் அண்ணனும் பட்டத்து இளவரசனுமான ஆதித்த கரிகாலன் சாகும் இடத்தைப் பற்றி. நூற்றுக்கணக்கான அத்தியாயங்களாக நம்மோடு பேசிக்கொண்டே வந்தவர் கதைசொல்லி. யார் மனத்தில் என்ன இருக்கிறது, சோழர் காலத்து அன்பில் செப்பேடு என்ன சொல்கிறது, எந்த ஏரிக்கு எத்தனை மதகு என்று எல்லாவற்றையும் சொன்னவர். அவர், கொலை நடக்கும் அந்த அறையில் விளக்கு அணைந்ததும் பேசாமல் இருந்துவிடுகிறார். இருட்டில் ஒரு கை வந்தியத்தேவனின் கழுத்தை நெரிக்கிறது. வெளிச்சம் வரும்போது இளவரசன் பிணமாகக் கிடக்கிறான். பின்னால் பழுவூர்ச் சிற்றரசர் பெரிய பழுவேட்டரையர் அது தன் கையால் நடந்தது என்கிறார். ஆனாலும் கொன்றது யார் என்று இன்றைக்கும் வாசகர்கள் வழக்காடுகிறார்கள். எங்கள் இஸ்தோப்பில் பழுவூர் இளையராணி நந்தினியைக் குற்றவாளி என்றவர்களுக்கும் சதிகாரன் ரவிதாசனைச் சொன்னவர்களுக்கும் சண்டையே வந்தது. இந்தக் கொலையைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர் இருக்கிறது. அவர்கள் உறவினரின் சொத்தைப் பறித்த செய்தி இருக்கிறது. அந்த இரவில் என்ன நடந்தது என்பது இல்லை. கல்வெட்டு நிறுத்திய இடத்திலேயே கல்கியும் நிறுத்துகிறார். எல்லா இடத்திலும் பேசுகிறவர் ஓரிடத்தில் பேசாமல் விட்டால்தான் அந்த மௌனம் கேட்கும். மற்ற இடங்களில் அவர் பேச்சை வெட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு அது வெறும் மர்மக் கதையின் குழப்பமாகத்தான் தெரியும்.

முடிவுரையையும் விட்டுவிடாதீர்கள். கதை முடிந்த பிறகு, இவருக்கு என்ன ஆயிற்று, அவருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆசிரியர் பதில் சொல்லும் பகுதி அது. கேட்கிற கூட்டம் ஒன்று எதிரே இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். பல சுருக்கப் பதிப்புகள் பட்டாபிஷேகத்தோடு முடிந்துவிடும் என்ற பயமும் எனக்கு உண்டு. கல்கி அங்கே முடிக்கவில்லை. கடைசி அத்தியாயம், வந்தியத்தேவன் மேல் ஆசை வைத்த கடம்பூர் இளவரசி மணிமேகலையின் சாவு. சாகசக் கதையின் வழக்கப்படி வீரனுக்கு வெற்றியும் ராஜகுமாரிக்கு மணமாலையும் கொடுத்து முடித்திருக்கலாம். அவரோ எதையும் அடையாமல் போன ஒரு பெண்ணிடம் போய் நிற்கிறார். என் அம்மா அந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார்.

கட்டுரையாளர் தொடாத குறை ஒன்று இருக்கிறது. இலங்கையில் இருந்துகொண்டு படிக்கிற நாம்தான் அதைச் சொல்ல வேண்டும். கதாநாயகனை மாசு மருவில்லாதவனாகக் காட்டும் மரபு அது. ‘சுழற்காற்று’ பாகத்தில் அனுராதபுரத்துப் பிக்குகள் இலங்கைச் சிங்காதனத்தையே கொடுக்க வருகிறார்கள், இளவரசன் வேண்டாம் என்கிறான், விகாரைகளைப் பழுதுபார்க்கிறான். அழகான கற்பனை. வரலாறு அங்கே நிற்கவில்லை. இராஜராஜன் காலத்தில் சோழர் அனுராதபுரத்தை வீழ்த்தித் தலைநகரைப் பொலன்னறுவைக்குக் கொண்டுபோனார்கள். இராஜேந்திரன் காலத்தில், 1017இல், ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டான். விகாரைகள் கொள்ளை போனதை இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. பொலன்னறுவையில் சோழர் காலத்துச் சிவன் கோயிலான வானவன் மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கிறது, சுற்றுலா போகிற நம் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கதையில் வரும் இளவரசனையும் வரலாற்றில் வரும் அரசனையும் அவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த அத்தியாயங்கள் வரும் வாரங்களில் பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியாக இதைப் போடுங்கள். சிங்கள நண்பர்களோடு ஒரே வகுப்பில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தேவை.

வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் உருவ வர்ணனைகளில் வெட்டுங்கள், ஒரே சேதியை இரண்டு பாத்திரங்கள் திரும்பச் சொல்லும் உரையாடல்களில் வெட்டுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, உரிமைப் பிரச்சினை இல்லை. அதனால் வாக்கியங்களையாவது அவருடையதாகவே விடுங்கள். உங்கள் பக்கத்தில் ஒரு அத்தியாயத்துக்கு இடம் போதாவிட்டால் அரை அத்தியாயம் போடுங்கள். எங்கே நிறுத்துவது என்பதைப் பக்கம் கட்டுகிறவர் முடிவு செய்யாமல், கதையைப் படித்த ஒருவர் முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.