பறவைக் கூட்டுப் படங்களை அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பாலாற்றில் முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவியின் படம் போட்டிருந்தீர்கள். அழகான படம்தான். ஆனால் எந்தப் பாலத்துக்குக் கீழே என்பது வரை எழுதிவிட்டீர்களே! கேமரா வைத்திருப்பவர்கள் இனி அங்கே வரிசைகட்டுவார்கள்.

நானும் காட்பாடிப் பக்கத்து ஏரிகளிலும் பாலாற்றிலும் பறவைகளைப் படம் எடுப்பவன்தான். ஆள்காட்டி கூடு கட்டாது. கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அதில் பெரும்பாலும் நான்கு முட்டை. கல் எது, முட்டை எது என்று சட்டென்று தெரியாது. கோடையில்தான் முட்டையிடும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நண்பகலில் பறவை முட்டைகளின்மேல் நிற்பதே நிழலுக்காகத்தான். இடையில் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து உட்காரும். பைனாகுலரில் பார்த்தால் இறகு நுனியில் நீர் சொட்டுவதுகூடத் தெரியும். நாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் ஆணும் பெண்ணும் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றுமே தவிர, கீழே இறங்காது. அத்தனை நேரமும் முட்டை வெயிலில் வேகும். போதாக்குறைக்கு, நாம் எங்கே குனிகிறோம் என்று காக்கை வேறு பார்த்துக்கொண்டிருக்கும்.

மரத்துக் கூடு என்றால் மறைக்கிற கிளையை ஒடித்துவிட்டு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். குஞ்சுகளுக்கு அந்தக் கிளைதான் நிழல், மறைவு எல்லாம். நினைத்தாலே வயிறு எரிகிறது.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள் காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் அடங்கும். படம் எடுப்பவர்களில் பலருக்கு இது தெரியாது.

படமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. குளிர்காலக் காலையில் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் காரை நிறுத்தி, உள்ளேயே இருந்து எடுத்துப் பாருங்கள். வண்டியைக் கண்டு பறவைகள் அவ்வளவாக மிரளாது. மேய்கிற பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், நெருங்கியது போதும் என்று அர்த்தம். அப்புறம் ஒரு அடிகூட வைக்கக் கூடாது.

பல இயற்கை இதழ்களும் புகைப்படப் போட்டிகளும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. உங்கள் நாளிதழும் அப்படியே முடிவெடுக்க வேண்டும். அந்தப் படம் உங்கள் இணையப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. இடத்தின் பெயரையாவது இன்றே நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காட்பாடி.