அது மூணு சக்கர வண்டி இல்லீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல நம்ம சேலம் பக்கத்துல காலேஜ் பசங்க செஞ்ச ரேஸ் கார் போட்டோ ஒண்ணு போட்டு, கீழ "நசுங்குன தகர டப்பா மாதிரி ஒரு மூணு சக்கர ரேஸ் கார்"ன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தீங்க. அவ்ளோதான். யார் செஞ்சாங்க, எதுக்கு அப்படி செஞ்சாங்க, ஒரு வார்த்தை கிடையாது. அந்த பேப்பர் சூரமங்கலத்துல என் லேத் பட்டறைக்கு எதிர்த்தாப்ல இருக்கற டீக்கடை பெஞ்சுல ரெண்டு நாளா கிடந்துச்சு, வர்றவன் போறவன் எல்லாம் எடுத்து பாத்து சிரிச்சான், ஒருத்தன் "பின் சக்கரத்த அடகு வச்சுட்டானுங்களாடா"ன்னு கேட்டான். அந்த வண்டிக்கு பின் ஆக்சில் கடைஞ்சு குடுத்தது நான்தாங்க. டீய பாதியில வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

முதல்ல ஒரு திருத்தம், அது நாலு சக்கர வண்டி. பின் சக்கரம் ரெண்டும் முன் சக்கரத்த விட உள்ளார தள்ளி இருக்கு, உங்க போட்டோக்காரர் முன்னாடி ஓரமா நின்னு எடுத்ததால ஒரு சக்கரம் பாடிக்கு பின்னால மறைஞ்சுபோச்சு. நேர்ல வந்து சுத்தி ஒரு நடை நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

ஏன் உள்ளார தள்ளி வச்சாங்கன்னு கேட்டீங்கன்னா அதுக்கு ஒரு கதை இருக்கு. பசங்க கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேல நடக்கற ஃபார்முலா பாரத்ங்கற காலேஜ் பசங்க ரேஸ் கார் போட்டிக்கு வண்டி கட்டுனாங்க, பைக் இன்ஜின், செயின் டிரைவ். டிஃபரன்ஷியல் வாங்க காசு இல்ல, அதான் நம்ம லாரிக்காரங்க கிரவுன் ஹவுசிங்ன்னு சொல்றாங்களே அதுக்குள்ள உக்காந்துட்டு வளைவுல உள் சக்கரத்த மெதுவாவும் வெளி சக்கரத்த வேகமாவும் சுத்த விடுற சமாச்சாரம். அது இல்லேன்னா ரெண்டு பின் சக்கரமும் ஒரே தண்டுல ஒரே வேகத்துல சுத்தும், வளைவுல வண்டி திரும்பமாட்டேன்னு நேரா தள்ளிக்கிட்டு போகும். ஏற்காடு மேல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கே, அப்படி ஒரு வண்டிய அதுல ஓட்டிப் பாத்தா டயர் கத்துற கத்துல அடிவாரத்துல தூங்கறவன் எந்திரிச்சுருவான்.

அந்த டீம்ல ஒரு பையன், மூணாவது வருஷம் படிக்கறவன், என் பட்டறை தரையில சாக்பீஸால ஒரு அரை வட்டம் போட்டான். நிஜ அளவுல பத்துல ஒரு பங்கு. உள் சக்கரத்துக்கு ஒரு கோடு, வெளி சக்கரத்துக்கு ஒரு கோடு, ரெண்டு மேலயும் நூல் வச்சு அளந்து காட்டுனான். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 120 செ.மீ. இருந்தா அரை சுத்து சுத்தறதுக்குள்ள வெளி சக்கரம் 377 செ.மீ. கூட ஓடணும், அதையே 95 ஆக்கிட்டா 298 போதும். கிட்டத்தட்ட 80 செ.மீ. இழுவை மிச்சம். அண்ணா, வளைவு பெருசா இருந்தாலும் சின்னதா இருந்தாலும் இந்த வித்தியாசம் மாறாதுண்ணான்னான். நான் நம்பல. பெருசா இன்னொரு வட்டம் நானே போட்டு நானே நூல் புடிச்சேன், அதே கணக்குதான் வந்துச்சு. 27 வருஷமா லேத் ஓட்டறேன், எனக்கு இது தெரியாது பாருங்க. போட்டி ரூல்ல முன் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல உள்ள அகலம், பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல உள்ள அகலம், இதுல குறுகலானது அகலமானதுல 75 சதவீதத்துக்கு குறையக்கூடாதுன்னு இருக்கு, இவனுங்க 79-ல நிறுத்துனானுங்க. நீங்க தகர டப்பான்னு எழுதுனது இந்த கணக்கத்தான்.

வண்டி ஜெயிச்சுதான்னு கேட்டா இல்ல. சின்ன வளைவு இருக்கற சுத்துல எல்லாம் அழகா திரும்புச்சு, கடைசில 22 கிலோமீட்டர் ஓடற என்ட்யூரன்ஸ்ல, செயின இறுக்கிப் புடிக்கற டென்ஷனர் போல்ட் லூசாகி செயின் கழண்டு நின்னுபோச்சு. அந்த போல்ட்டுக்கு லாக் நட் போடாம விட்டது யாருன்னு மட்டும் கேக்காதீங்க. ஆனா டீக்கடையில என்ன பேச்சுன்னா, "அப்பவே தெரியும், அந்த மாதிரி ஷேப்ல கட்டுனா எங்க ஓடும்". ஷேப்புக்கும் போல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க.

இது இன்னைக்கு நேத்து நடக்கறது இல்ல. 1967-ல அமெரிக்காவுல இண்டியனாபோலிஸ் 500 ரேசுக்கு ஒரு டர்பைன் வண்டி, அதான் ஹெலிகாப்டர்ல இருக்கற மாதிரி இன்ஜின் வச்ச வண்டி, வந்துச்சு, டிரைவருக்கு இடது பக்கத்துல இன்ஜின், பிஸ்டன் கிடையாது ஒண்ணும் கிடையாது, மத்த வண்டி எல்லாம் உறுமறப்ப இது மட்டும் உஸ்ஸுன்னு போகும். பார்னெல்லி ஜோன்ஸ் ஓட்டுனாரு, மொத்தம் 200 சுத்து, முக்கால்வாசி ரேஸ் முன்னாடியே போயிட்டிருந்து, முடிய இன்னும் மூணே சுத்து இருக்கறப்ப கியர்பாக்ஸ்ல ஒரு சின்ன பேரிங் போச்சு. பேரிங் போனதுக்கு டர்பைன் என்ன பண்ணும். ஆனாலும் அப்புறம் ரூல மாத்தி டர்பைனுக்கு காத்து போற வழிய சுருக்கிட்டாங்க.

டெல்டாவிங்ன்னு ஒரு ரேஸ் கார், அதோட கதை இன்னும் வயித்தெரிச்சல். அது எங்க பசங்க வண்டிக்கு தலைகீழு, முன்னாடி ஊசி மாதிரி குறுகல், பின்னாடி அகலம், ஈட்டி முனை மாதிரி இருக்கும். 2012 லீ மான்ஸ் 24 மணி நேர ரேசுக்கு பூஜ்யம் நம்பர் போட்டு கொண்டுவந்தாங்க, எடை மத்த வண்டியில பாதி, 1.6 லிட்டர் இன்ஜின்தான். அந்த மூக்கு திரும்பவே திரும்பாதுன்னு எத்தன பேரு சொன்னாங்க. நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு, ஒரு டொயோட்டா இடிச்சு செவுத்துல தள்ளி விட்டுருச்சு. டிரைவர் மோட்டோயாமா அங்கயே உக்காந்து ஒண்ணரை மணி நேரம் தானே ரிப்பேர் பண்ணாரு, மெக்கானிக்குங்க வண்டிய தொடக்கூடாதுன்னு ரூலு, வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு அத கழட்டு இத கழட்டுன்னு சத்தம் மட்டும் போட்டாங்க. அத பாத்தப்ப எனக்கு கை பரபரன்னுச்சு, ஒரு ஸ்பேனர தூக்கி போடலாம் போல. முடியல, வண்டி நின்னுபோச்சு. அதே வண்டி அந்த வருஷமே அமெரிக்காவுல பெட்டி லீ மான்ஸ்ல அஞ்சாவதா வந்துச்சு, அத யாரும் ஞாபகம் வச்சுக்கறதில்ல.

ரொம்ப யோக்கியன் மாதிரி எழுதறேன்னு நினைச்சுடாதீங்க. 2018-ல ஃபார்முலா ஒன்ல டிரைவர் தலைக்கு மேல ஹாலோன்னு ஒரு வளைஞ்ச கம்பி தடுப்பு வச்சாங்கல்ல, அத செருப்பு வாருன்னு சொல்லி மொத டீக்கடையில சிரிச்சது நான்தான். ரேஸ் காருக்கு ஹவாய் செருப்பு மாட்டிவிட்டானுங்கன்னு மாசக்கணக்கா ஓட்டுனேன். 2020 நவம்பர் 29, பஹ்ரைன் ரேஸ்ல குரோஷான்ங்கற டிரைவரோட வண்டி தடுப்புக்குள்ள பூந்து ரெண்டா உடைஞ்சு தீப்பிடிச்சுது. நான் செல்போன்ல பாத்துட்டிருந்தேன், போச்சுடான்னு போனை கவுத்து வச்சுட்டேன். 28 செகண்டுல அந்த மனுஷன் நெருப்புக்குள்ள இருந்து எந்திரிச்சு வெளிய வந்தாரு. தலைக்கும் இரும்பு தடுப்புக்கும் நடுவுல நின்னது அந்த செருப்பு வாருதான். அவரே முன்னாடி ஹாலோ வேண்டாம்னு சொன்ன ஆளுதான், ஆஸ்பத்திரியில இருந்தே அத புகழ்ந்து பேசுனாரு. அன்னையில இருந்து அந்த ஜோக்க நான் சொல்றதில்ல.

அதுக்காக வித்தியாசமா செஞ்சதெல்லாம் சூப்பர்ன்னு சொல்ல வரல. டெல்டாவிங் செஞ்ச அதே பென் பௌல்பி, 2015-ல நிசானுக்கு இன்ஜினும் முன்னாடி டிரைவும் முன்னாடின்னு ஒரு லீ மான்ஸ் வண்டி செஞ்சாரு, மூணு வண்டி போச்சு, இன்ஜினுக்கு துணையா இருக்க வேண்டிய ஹைபிரிட் சிஸ்டமே சரியா வேலை செய்யல, ஒண்ணுக்கு கூட ரேஸ் முடிச்சதா கணக்கு வரல, அந்த வருஷ கடைசியிலயே மூட்டை கட்டிட்டாங்க. பியூஜோ கார் கம்பெனி 2022-ல, வண்டிய ரோட்டோட அமுக்கிப் புடிக்கற பின் ரெக்கையே இல்லாத 9எக்ஸ்8ன்னு ஒண்ணு கொண்டுவந்துச்சு, பாத்த ரசிகன் எல்லாம் ஆஹா ஓஹோன்னான், எனக்கும் அது மேல ஒரு கண்ணு, அப்படி ஒரு அழகு. ஓட்டத்துல பெருசா எடுபடல, 2024-ல ரெக்கைய மாட்டிட்டாங்க. சிரிச்சாலும் கைதட்டுனாலும் கண்ணால பாத்து மட்டும் ரேஸ் காருக்கு மார்க் போட முடியாதுங்க.

டைரல் பி34ன்னு ஆறு சக்கர ஃபார்முலா ஒன் வண்டி ஒண்ணு இருந்துச்சு, அதோட போட்டோவ மொதல்ல நான் பாத்தது லீ பஜார்ல பழைய பேப்பர் கடையில கிடந்த ஒரு இங்கிலீஷ் புக்குல. அப்ப எனக்கு பதினஞ்சு வயசு இருக்கும், பூரான்னு நினைச்சேன். முன்னாடி நாலு, பின்னாடி ரெண்டு. அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது, டெரெக் கார்ட்னர்ங்கற டிசைனர் முன் சக்கரத்த 10 இஞ்சுக்கு சின்னதாக்கி மூக்குக்கு பின்னால ஒளிச்சு வச்சாரு, காத்து அதுல மோதக்கூடாதுன்னு. சின்ன சக்கரம் ரோட்ட புடிக்கற பிடிப்பு பத்தாது, அதனால பக்கத்துக்கு ரெண்டு. டிரைவருக்கு அந்த குட்டி சக்கரம் கண்ணுக்கு தெரியாதுன்னு உக்கார்ற இடத்துல ரெண்டு பக்கமும் சின்னதா ஜன்னல் வச்சாங்க. அந்த ஜன்னல்தான் எனக்கு ரொம்ப புடிச்சது, அது யாரோ உக்காந்து யோசிச்சதுக்கு அடையாளம். 1976 ஸ்வீடன் ரேஸ்ல ஷெக்டர் மொதல்ல, டெபைய்யே ரெண்டாவது, ரெண்டு பேரும் அந்த வண்டிதான். அப்புறம் ஏன் தேஞ்சுது? குட்டி டயர் வேணும்னு கேட்டது அந்த ஒரு டீம் மட்டும்தான், டயர் செய்யற குட்இயர் கம்பெனி மத்த டயர மேல மேல நல்லாக்கிட்டே போச்சு, இது பின்தங்கிருச்சு. கடைசில நாலு சக்கரத்துக்கு மேல கூடாதுன்னு ரூலே வந்துருச்சு.

இன்னைக்கு அந்த பி34 பொம்மைய ரசிகர்கள் காசு குடுத்து வாங்கி கண்ணாடி அலமாரியில வைக்கறாங்க. எங்களுக்கே இந்த வியாதி இருக்குங்க, புதுசா ஒண்ணு வந்தா என்னடா கண்றாவின்னு சொல்லுவோம், அம்பது வருஷம் ஆனா அந்த காலத்துல என்ன தைரியம்டான்னு சொல்லுவோம், நடுவுல இப்ப எல்லா வண்டியும் பெயின்ட் மட்டும்தான் வேற வேறன்னு பொலம்பவும் செய்வோம்.

ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவ இப்படி ஏதாச்சும் வண்டி கண்ணுல பட்டா, கேலி பண்ணுங்க வேணாங்கல, செஞ்சவன்கிட்ட "ஏம்ப்பா இப்படி"ன்னு ஒரு கேள்வி கேட்டு அந்த பதிலயும் ரெண்டு வரி சேத்து போடுங்க. வண்டி இப்ப என் பட்டறையிலதான் நிக்குது, மேல தார்பாய் போட்டிருக்கேன், சனிக்கிழமை பசங்க வர்றானுங்க, புது டென்ஷனர் போடறோம், இந்த தடவ லாக் நட்டோட. உங்க போட்டோக்காரர அனுப்புங்க, தட்டுவடை செட் என் செலவு. பின்னாடி நின்னு எடுக்க சொல்லுங்க, நாலு சக்கரமும் விழற மாதிரி.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரன்,
சூரமங்கலம், சேலம்.