சேலம் குகை வளவிலிருந்து சாந்திக்கு

அன்புள்ள சாந்தி,

படங்கள் எல்லாம் பார்த்தேன். நியூயார்க் வரைக்கும் போய், 97 ஆர்ச்சர்ட் தெருவில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டைத் தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாயே, ஒரே முற்றத்தில் பல குடித்தனம் இருக்கிற வளவில் வளர்ந்தவளுக்குத்தான் அது தோன்றும். நானும் அதைப் பற்றிப் படித்தேன். 1863இல் கட்டியது, ஒரு வீடு 325 சதுர அடி, கக்கூஸ் பின்பக்க முற்றத்தில், எழுபது வருஷத்தில் ஏறக்குறைய 7,000 பேர் வாழ்ந்த இடம். மாடிப்படி தீப்பிடிக்காதபடி மாற்றியாக வேண்டும் என்று சட்டம் வந்ததும், செலவு செய்ய மனமில்லாத வீட்டுக்காரர் 1935இல் குடியிருந்தவர்களைக் காலி செய்துவிட்டு, கீழ்க்கடைகளை மட்டும் விட்டு மேல்மாடிகளைப் பூட்டிவிட்டார். அதனால்தானே 1988இல் அருங்காட்சியகம் தொடங்கியவர்களுக்குச் சுவரில் ஒட்டிய பழைய காகிதம்கூட அடுக்கடுக்காகக் கிடைத்தது! பூட்டிக் கிடந்ததால் பிழைத்த கட்டடம் அது.

இங்கே அப்படி இல்லை சாந்தி. நம் வளவை விற்கப் போகிறார்கள். பங்காளிகள் எல்லோரும் சம்மதித்தாயிற்று, ஆடி கழிந்ததும் இடிப்பதாகப் பேச்சு. இந்த வருஷத்து ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை வரைக்கும் திண்ணை இருக்கும், அவ்வளவுதான்.

இடிக்கக் கூடாது என்று நான் சண்டை போடவில்லை. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ், ஒரே குழாய் என்று இன்னொரு தலைமுறை ஏன் கஷ்டப்பட வேண்டும்? ஆனால் அளந்து, படம் பிடித்து, எழுதி வைக்காமல் இடித்தால் மனசு ஆறாது.

முன்னறைகளை இப்போது போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் தரையில் ஒரு இடம் மட்டும் நிறம் மாறி, செவ்வகமாக, புதுச் சிமெண்டாகத் தெரிகிறது. குழித்தறி இருந்த இடம்டி அது. நெசவாளி தரைமட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார், மண்குழியின் ஈரம் காற்றில் இருப்பதால் இழை சட்டென்று அறுந்துபோகாது. அதற்கு ஏற்றபடியே தெருப்பக்க ஜன்னலும் தாழ்வாக, உட்கார்ந்திருப்பவர் மடியில் வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நின்று பார்த்தால் ஜன்னல் தப்பான உயரத்தில் இருப்பதாகத் தோன்றும், உட்கார்ந்தால்தான் கட்டியவரின் கணக்கு புரியும். முற்றம் அவ்வளவு நீளமாக இருப்பதும் குடித்தனக்காரர்களின் வசதிக்காக மட்டும் இல்லை, மழைக்காலத்தில் தெருவில் நீளவாட்டு நூலை விரித்துப் பாவு ஓட முடியாதபோது அங்கேதானே ஓடுவார்கள். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம், அதை நெய்த வீடுகளின் வரைபடம் ஒன்றுகூட நம் கையில் இல்லையே என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

சரி, ஆக வேண்டியதைச் சொல்கிறேன். பாலிடெக்னிக் படிக்கிற பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேர் டேப் வைத்து அளந்து தருகிறார்கள். சுவர், தூண், பரண், நாட்டு ஓட்டுச் சரிவு எல்லாம் காகிதத்தில் வந்துவிட்டது. உங்கள் பழைய வீட்டில் மட்டும் டைல்ஸ் போட்டுவிட்டதால் குழி இருந்த இடமே தெரியவில்லை. தறி ஜன்னல் ஓரமாக இருந்ததா, அடுப்படிச் சுவரை ஒட்டியா என்று அம்மாவிடம் கேட்டு எழுது. அப்புறம், உங்கள் அக்கா கல்யாணத்தின்போது முற்றத்தில் எடுத்த படம் ஒன்று இருக்குமே, அதில் பின்னால் கிணற்றடித் தூண்கள் முழுதாகத் தெரியும். அதையும் அனுப்பு, இந்த மாதத்துக்குள் வேண்டும்.

மகளையும் பேத்தியையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா