பகுதி சபாவுக்கு எங்களையும் கூப்பிடுங்கள்: மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒரு வார்டில் பகுதி சபா உறுப்பினராக இருக்கிறேன். வார்டைச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி மக்கள் கூடித் தங்கள் தேவைகளைச் சொல்லச் சட்டம் வைத்திருக்கும் இடம்தான் பகுதி சபா. எந்தக் கட்சியிலும் இல்லை. ஒரு தனியார் நிறுவனத்தில் 30 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். எந்த ஊர், எந்த வார்டு என்று எழுதாமல் விடுகிறேன். யாரோ ஒரு கவுன்சிலர் மீது புகார் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் வார்டில் நடந்தது உங்கள் வார்டிலும் ஏதோ ஒரு விதத்தில் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நான் உறுப்பினரான விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் சாயந்திரம் தெருவில் தெரிந்த ஒரு தம்பி போன் செய்தார். "அக்கா, உங்க வாக்காளர் அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, ஒரு கமிட்டியில் பேர் போடணும்" என்றார். என்ன கமிட்டி என்று கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. "சும்மா பேருக்குத்தான், அக்கா. கூட்டம்னா ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார். நம்பிக்கையான பிள்ளை, அனுப்பினேன். சில வாரங்கள் கழித்துப் பட்டியலில் என் பெயர் இருந்தது.

எங்கள் அடுத்த தெருவில் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். எந்தக் கம்பத்துக்கு எந்தப் பெட்டியிலிருந்து லைன் போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையான ஆசை உள்ளவர். இப்படி ஓர் இடம் சட்டத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அப்போது பட்டியல் முடிந்துவிட்டது. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மனு கொடுத்திருப்பேனே, யார்கிட்ட கொடுக்கணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் முதல் கூட்டம் ஒரு புதன்கிழமை காலை 11 மணிக்கு, சமுதாய நலக் கூடத்தில் நடந்தது. வந்தவர்கள் 14 பேர். அதில் பாதிக்கு மேல் கவுன்சிலரோடு கூடவே வந்தவர்கள். கூடத்தின் வாசலில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடும் ஓர் அக்கா, என்ன கூட்டம் என்று எட்டிப் பார்க்க உள்ளே வந்தார். உட்காரச் சொன்னோம். மழைநீர் வடிகால் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் எழுந்து சொன்னார்: "சார், நீங்க சொல்ற முக்குல தண்ணி கடைசியாத்தான் நிக்கும். முதல்ல பொங்குறது பால் பூத் பக்கத்து மூடி. அங்க பொங்கி அரை மணி நேரம் கழிச்சுத்தான் இங்க வரும்." காலையிலிருந்து இரவு வரை அதே தெருவில் நிற்பவருடைய பேச்சு அது. உதவிப் பொறியாளர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார். அதில் எனக்குக் குறை இல்லை.

அப்புறம் கையெழுத்துக்குத் தாள் வந்தது. வீட்டிலிருந்து வரும்போதே அடித்துக் கொண்டுவந்த தாள். "இக்கூட்டத்தில் ____ பேர் கலந்துகொண்டனர். கீழ்க்கண்ட தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டன" என்று இருந்தது. கீழே நான்கு தீர்மானங்கள். எண்ணிக்கை எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. ஒருவர் எங்களை எண்ணிப் பார்த்துப் பேனாவால் 14 என்று நிரப்பினார். பால் பூத் பக்கத்து மூடி அந்தத் தாளில் இல்லை. இருக்கவும் வழியில்லை, அந்த அக்கா பேசுவதற்கு முந்தின நாளே தீர்மானம் நிறைவேறிவிட்டது. வேலையில் இருந்த 30 வருடத்தில் ஒரு வவுச்சரைக்கூடப் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்து போட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஐப்பசி மழையில் அந்த மூடிதான் முதலில் பொங்கியது. மூன்று வீடுகளுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறியது. அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி யாராலும் பேச முடியவில்லை. முன்பே சொன்னோமே என்று காட்ட எங்களிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

இந்தப் பகுதி சபா நமக்குச் சுலபமாகக் கிடைத்ததல்ல. 74-வது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது 1992-ல், நடைமுறைக்கு வந்தது 1993 ஜூன் 1-ல். 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று அதன் 243எஸ் பிரிவு சொன்னது. 2005-ல் மத்திய அரசு ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, மக்கள் பங்கேற்புக்குச் சட்டம் இயற்ற வேண்டும் என்பதை மாநிலங்களுக்கு ஒரு நிபந்தனையாகவே வைத்தது. நம் மாநிலத்தில் அதற்கான சட்டத் திருத்தம் 2010-ல் வந்தது. விதிகள் வந்தது 2022-ல். நடுவில் 12 வருடம். அதிலும் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது, தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. அன்றைய முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார். இத்தனை காலம் காத்திருந்து வந்த ஒன்றை, பெயர்ப் பட்டியலும் முன்கூட்டியே அடித்த தாளுமாக ஆக்கிவிட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கிராமத்தில் இருப்பவர்களைப் பாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றால் கிராம சபை என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2022-லிருந்து மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்திருக்கின்றன. எல்லாக் கிராம சபையும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேதி தெரியும், போய்க் கேள்வி கேட்கலாம் என்பது தெரியும். நகரத்தில் 20 வருடம் சொத்து வரி கட்டியவருக்குக்கூடத் தான் எந்தப் பகுதி சபாவைச் சேர்ந்தவர் என்று தெரியாது. சென்னை மாநகராட்சியில் 200 வார்டு, வார்டுக்கு 10 பகுதி, மொத்தம் 2,000 பகுதி சபாக்கள். தெருவில் போகிற பத்துப் பேரை நிறுத்தி, உங்கள் பகுதி உறுப்பினர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

உறுப்பினரை மன்றம் நியமிக்கிறது. அந்த அதிகாரத்தை நான் கேட்கவில்லை, அது உங்களிடமே இருக்கட்டும். நியமிப்பதற்கு முன்னால் ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். ரேஷன் கடைச் சுவரில், பால் பூத்தில், அங்கன்வாடி வாசலில் ஒரு நோட்டீஸ்: இந்த வாக்குச்சாவடிகள் சேர்ந்தது இந்தப் பகுதி, இதற்கு ஓர் உறுப்பினர் தேவை, சம்பளம் கிடையாது, ஆர்வம் உள்ளவர்கள் இந்தத் தேதிக்குள் இன்னாரிடம் மனு கொடுங்கள். இவ்வளவு போதும். வாடகைக்கு இருப்பவர்களும் கொடுக்கலாம் என்று அதில் பெரிய எழுத்தில் போடுங்கள். குடியிருப்போர் நலச் சங்கம் என்றால் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்கள்தான். தண்ணீர்ப் பிரச்சினை முதலில் வருவது மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கு.

பாதிக்கப்படுகிறவருக்கு இடம் ஒதுக்க நம் சட்டங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்கிறது. பகுதி சபாவுக்கு ஆள் தேடும்போதும் அந்தப் பார்வையோடு தேடினால் நல்லது.

ஒரே இடத்துக்கு நாலைந்து மனு வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சீட்டுக் குலுக்குங்கள், எல்லோர் முன்னிலையிலும். உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி நம் மேடைகளில் பேசாதவர் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. ஊர்ச் சபைக்குக் குலுக்கலில் ஆள் எடுத்த விதம் அதில் இருக்கிறது: 30 குடும்பு என்ற ஊர்ப் பிரிவுகள், பெயர் எழுதிய ஓலை, குடம், ஓலையை எடுக்க ஒரு சின்னப் பையன். நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே இருந்த ஏற்பாடு அது. உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அதனால் அதை முழுதாகக் கொண்டாட எனக்கு மனம் வராது. ஆனால் மேடையில் அதிகம் பேசப்படாத இரண்டு விதிகள் அதில் உண்டு. வாரியம் என்ற ஊர்க் குழுவில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி வர முடியாது. கடந்த 3 வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரும் குடத்தில் போடப்படாது. கணக்கு எழுதியே வாழ்ந்தவள் என்பதாலோ என்னவோ, அந்த இரண்டு விதிகளையும் படித்தபோது எனக்கு நெகிழ்ந்துவிட்டது. ஏரிக்கென்றே ஒரு வாரியம் வைத்திருந்தார்கள். எங்கள் வார்டிலும் ஒரு குளம் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் யாரிடம் போவது என்பதே இன்றைக்குத் தெரியாது.

கூட்டத்தின் நேரத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். புதன்கிழமை காலை 11 மணிக்கு யாரால் வர முடியும்? வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அப்போது மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஆட்டோ ஓட்டுபவர் சவாரியில் இருப்பார். எங்கள் பகுதியில் சில தெருக்களுக்குக் குடிநீர் விடிகாலை 3 மணிக்கு வருகிறது. கண் விழித்துப் பிடித்தவர்கள், சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு அப்போதுதான் சற்றுப் படுத்திருப்பார்கள். தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் அவர்கள். ஞாயிறு மாலை 6.30 என்று வைத்தால் அதிகாரிகளுக்குச் சிரமம்தான், எனக்கும் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறைதானே, பதிலுக்கு அவர்களுக்கு ஒரு நாள் மாற்று விடுப்பு கொடுங்கள்.

உங்களில் சிலருக்கு உள்ளூர ஒரு தயக்கம் இருக்கும். வெளியாளை உள்ளே விட்டால், நாளைக்கு நமக்கே எதிராக நிற்பாரோ என்று. அந்தத் தயக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர் நீங்கள், திட்டு வாங்குவதும் நீங்கள். ஆனால் பகுதி சபா முடிவெடுக்கும் இடம் இல்லை. தெருவிளக்கு எங்கே வேண்டும், குழாய் எங்கே வேண்டும், எந்த வேலையை முதலில் எடுக்கலாம் என்று சொல்லும் இடம். முடிவும் நிதியும் மன்றத்திடம்தான். சொல்ல ஓர் இடம் இல்லாதபோதுதான் ராத்திரி 11 மணிக்கு உங்கள் போன் அடிக்கிறது.

அந்த மழைக்குப் பிறகு நான் ஒரு நீள நோட்டு வாங்கினேன். தேதி, சொன்னவர், கதவு எண், சொன்ன விஷயம், யாரிடம் தெரிவித்தோம், என்ன பதில் என்று ஆறு பத்தி போட்டேன். லைன்மேன் ஐயா பட்டியலில் இல்லாவிட்டாலும் என்னோடு நடந்தார். இரண்டு ராத்திரி தெருத்தெருவாகப் போய், எரியாத விளக்குகளின் கம்ப எண்களைக் குறித்தோம். 11 கம்பங்கள். உதவிப் பொறியாளரிடம் எண்களோடு கொடுத்தோம். இரண்டு வாரத்தில் 7 எரிந்தன. "விளக்கு எரியலைன்னு சொல்வாங்க, எந்தக் கம்பம்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார் அவர். மீதி நான்குக்கும் தரைக்கடியில் கேபிள் போய்விட்டது, மதிப்பீடு போட்டு அனுமதி வாங்க வேண்டும், நாளாகும் என்று விளக்கினார்.

அந்த நான்கு கம்பங்களுக்குப் பக்கத்து வீடுகளுக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. ஒரு பாட்டி, "சரிம்மா, வந்து சொன்னியே" என்றார். இல்லை என்பதற்கும் காரணம் தெரிந்தால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பதிலே வராமல் இருப்பதுதான் அவர்களை அடுத்த கூட்டத்துக்கு வராமல் செய்கிறது. அதனால் போன கூட்டத்தில் சொன்னது என்ன ஆயிற்று என்று படிப்பதுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலையாக இருக்க வேண்டும். ஆனது, ஆகாதது, ஏன் ஆகவில்லை என்ற மூன்றையும் படியுங்கள். அதை அப்படியே படம் எடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், நோட்டீஸ் ஒட்டிய அதே சுவரில் ஒரு பிரதியை ஒட்டுங்கள்.

2022-ல் தேர்வான மன்றங்களின் ஐந்து வருடப் பதவிக்காலம் 2027 தொடக்கம் வரைதான். பகுதி சபா உறுப்பினர்களான எங்கள் காலமும் உங்களோடு சேர்ந்தது. அடுத்து வருபவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் கையில் கொடுக்க ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நோட்டு இருக்கட்டும்.

எங்கள் வார்டின் கவுன்சிலரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். அடுத்த கூட்டத்துக்குத் தாளில் தேதியை மட்டும் அடித்துக் கொண்டுவாருங்கள், மீதியை அங்கேயே எழுதிக்கொள்ளலாம். மாலை நேரமாக வைத்தால், இஸ்திரி போடும் அக்கா வண்டியை மூடிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானே கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பகுதி சபா உறுப்பினர்