இளம் பெண் கடற்சிங்கங்கள் இரைதேடும் இடத்தில் வலையை இறக்காதீர்கள்

தென்கடல் கணவாய் மீன்பிடிக்கு விதி வகுக்கும் நியூசிலாந்து அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மீன்பிடி விதிகளுக்கான கருத்துக் கேட்பின்போது நான் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்தது. நன்றி. ஒரே ஒரு பந்தி. என் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டதாகச் சொல்லிவிட்டு, கணவாய் வலையில் சிக்கி இறக்கும் கடற்சிங்கங்களின் எண்ணிக்கை அனுமதித்த வரம்புக்குள்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை இறக்கின்றன என்று நான் கேட்கவில்லை. எவை இறக்கின்றன என்று கேட்டேன்.

அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். கோபத்தை அடக்கி, மரியாதை குறையாமல் பேச எனக்குத் தாய்மொழிதான் கைகொடுக்கிறது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். என் மகள் ஆங்கிலத்தில் பெயர்த்து இத்துடன் இணைத்திருக்கிறாள். மீன் கூடங்களில் என்னோடு வேலை செய்யும் தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும்.

மீன்பிடிக்கு நான் எதிரி அல்ல. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில் வளர்ந்தவள். அப்பாவின் வலைதான் எங்களைப் படிக்க வைத்தது. படகு கட்டி இழுக்கும் பெருவலையான இழுவைமடி ஒரு கடலை என்ன செய்யும் என்பதை அந்தக் கரையில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று தென் நியூசிலாந்தின் டனீடினிலும் என் வீட்டு அடுப்பு மீனால்தான் எரிகிறது. பதினொரு ஆண்டுகளாகக் குளிர்க்கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். கணவாய்ப் பருவத்தில் உறைந்த பெட்டியின் குளிர் இரண்டு சோடிக் கையுறைகளையும் தாண்டி நகக்கண்ணில் வந்து குத்தும். அந்தப் பெட்டியைத் தூக்கிச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால்தான் இந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை.

பின்னணியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வாசகர்களுக்காக மட்டும் சில வரிகள். நியூசிலாந்துக் கடற்சிங்கம் உலகிலேயே மிக அரிதான கடற்சிங்க இனங்களில் ஒன்று. அதன் பெரிய இனப்பெருக்க இடம் ஆக்லாந்துத் தீவுகள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆக்லாந்து நகரம் என்று நினைத்துவிட வேண்டாம். இவை நாட்டின் தென் தீவுக்கும் தெற்கே, நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஆள் குடியிருப்பு இல்லாமல் கிடக்கும் தீவுகள். 1990களின் இறுதியில் அங்கே ஒரு பருவத்தில் 3,000 குட்டிகள் வரை பிறந்தன. 2009இல் 1,501.

அதே தீவுகளைச் சுற்றிய, ஆழம் குறைந்த கடலடிப் பரப்பான கண்டமேடையில்தான் பெப்ரவரியிலிருந்து மே வரை கணவாய்க்கு இழுவைமடி போடுகிறார்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை 1993இலேயே கடற்பாலூட்டிகளுக்கான சரணாலயமாக அறிவித்தீர்கள். 2003இல் அதைக் கடற்காப்பகமும் ஆக்கினீர்கள். அதை மறக்கவில்லை. ஆனால் பசித்த விலங்கு 12 மைலோடு நின்றுவிடுவதில்லை.

2012இல் வெளிவந்த ஆய்வு உங்கள் மேசையில் இருக்கும். இளம் கடற்சிங்கங்களின் உடலில் கருவி பொருத்தி, அவை இரைக்கு எங்கே போகின்றன என்று செயற்கைக்கோள் வழியே தொடர்ந்தார்கள். இளம் ஆண்கள் ஒவ்வொரு பயணத்திலும் பெண்களைவிட ஏறக்குறைய இருமடங்கு தூரம் போயின. கடலில் கழித்த நேரமும் ஏறக்குறைய இருமடங்கு. கண்டமேடையில் நெடுந்தூரம் பரவி, அதற்கு அப்பாலும் போய் மேய்ந்தன. பெண்கள் கிட்டத்திலேயே சுற்றின. பெரிய உடம்பு தூரம் போகிறது, சின்ன உடம்பு கிட்ட நிற்கிறது என்று சொல்லிவிடவும் முடியாது. எடையும் வயதும் சிறிய வேறுபாட்டையே காட்டின. ஆணா பெண்ணா என்பதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானித்தது. ஒரே இரைக்கு ஆணும் பெண்ணும் முட்டிக்கொள்ளாமல் கடலைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதே ஆய்வாளர்கள் கண்ட விளக்கம்.

அந்தப் பங்கீட்டில் பெண்களுக்கு விழுந்த பங்கில்தான் கப்பல்கள் நெருக்கி நிற்கின்றன. பெண்கள் இரைதேடும் பரப்பில் மீன்பிடியோடு மோதும் பகுதி, விகிதக் கணக்கில் ஆண்களுடையதைப் போல இருமடங்கு. இளம் ஆணுக்குப் போக வேறு கடல் இருக்கிறது, அது போகவும் செய்கிறது. இளம் பெண் மேய்வது வலை விழுகிற இடத்தில். கடல் பெரிது, விலங்குகள் விலகிப் போய்விடும் என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். போகக்கூடியவை ஏற்கெனவே போய்விட்டன, ஐயா.

இனி ஒரு குட்டியைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள்.

கடந்த ஜனவரியில், டனீடின் இருக்கும் ஒட்டாகோ பகுதியின் கடற்கரை ஒன்றில், மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பைன் தோப்பில் ஓர் இளம் தாய் குட்டியை விட்டுவிட்டு இரைக்குப் போயிருந்தது. துடுப்பில் அடையாள வில்லை இருந்ததால் அதை எங்களுக்குத் தெரியும், முதல் பிரசவம். விதிப்படி இருபது மீட்டர் தள்ளி நின்றுகொண்டேன். மாலையில் போன தாய் விடிந்தும் வரவில்லை. குட்டி ஆட்டுக்குட்டி கத்துவதைப் போலக் கத்தியது. பிறகு குரல் இறங்கி, வேர் ஒன்றில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தது. மீசை முழுக்கப் பைன் ஊசிகள். அலைச்சத்தம் கொஞ்சம் மாறினாலும் தலை தூக்கிப் பார்த்தது, மறுபடியும் வைத்துக்கொண்டது. பத்து மணியளவில் மணல்மேட்டின் அடியிலிருந்து கனத்த குரல் ஒன்று வந்தது. குட்டி எழுந்து, விழுந்து, உருண்டு ஓடியது. தாய் முகர்ந்து பார்த்த பிறகுதான் பால் கொடுத்தது. நான் வேலைக்குப் பிந்திப் போனேன்.

ஒட்டாகோவில் அந்தத் தாய் திரும்பி வந்துவிட்டது. ஆக்லாந்துத் தீவுகளில் குட்டிகள் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் பிறக்கின்றன. ஏறக்குறைய ஓராண்டு வரை தாய்ப்பாலை நம்பியிருக்கின்றன. கணவாய்ப் பருவம் தொடங்கும்போது அவற்றுக்கு ஒன்றிரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். பிரசவித்த சில நாள்களிலேயே தாய் மறுபடியும் இணை சேர்ந்துவிடும். ஆகவே பெப்ரவரியில் ஒரு பெண் வலைக்குள் மூச்சு முட்டி இறந்தால், கரையில் பால் குடிக்கும் குட்டி பட்டினியில் போகும், வயிற்றில் இருக்கும் கருவும் போகும். மூன்று. உங்கள் பதிவேட்டில் அது ஒன்று. இன்னும் ஈனாத இளம் பெண் இறந்தால், அது ஈன்றிருக்கக்கூடிய எதுவும் எந்தப் பதிவேட்டிலும் வராது.

ஒரு பருவத்தில் வலையில் இத்தனை இறக்கலாம் என்ற வரம்பை 2012இல் 68 என்று வைத்தீர்கள். 2017இல் அதை 38 ஆக்கினீர்கள். அப்போது குறைத்ததை நான் மதிக்கிறேன். ஆனால் வரம்பு எதுவாக இருந்தாலும், அதில் எத்தனை பெண்கள், எத்தனை இளையவை என்பதைப் பிரித்துப் பார்க்காத எண்ணிக்கையால் இந்த இனத்துக்கு என்ன பயன்?

வலைக்குள் தப்பிக்கும் வழி வைத்திருக்கிறோம் என்பீர்கள். தெரியும். கம்பிச் சட்டத்தின் இடைவெளியில் கணவாய் மடிக்குள் போய்விடும், கடற்சிங்கம் மேலே உள்ள திறப்பால் வெளியேறிவிடும். நல்ல கருவி, பலவற்றைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் வெளியேறியது உயிரோடு நீந்திப் போனதா, மூச்சடங்கி ஆழத்தில் இறங்கியதா என்பதைக் கப்பல் தளத்தில் நிற்கும் கண்காணிப்பாளரால் பார்க்க முடியாது. நோயாலும் குட்டிகள் சாகின்றன என்பீர்கள். அதுவும் உண்மை. கிளெப்சியெல்லா கிருமி கொல்கிறது. சேற்றுக் குழிகளில் விழுந்து ஏற முடியாமலும் சாகின்றன. கிருமிக்கு உங்களால் உத்தரவு போட முடியாது. கப்பலுக்குப் போட முடியும்.

ஒட்டாகோவின் கதையை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். இந்தப் பெருநிலக் கரையில் கடற்சிங்கம் பிறப்பதே நின்றுபோய்த் தலைமுறைகள் ஆகியிருந்தன. இளம் ஆண்கள் மட்டும் தெற்கிலிருந்து வந்து மணலில் படுத்துவிட்டுப் போகும். அவை எத்தனை வந்தும் ஒரு குட்டியும் பிறக்கவில்லை. 1993இல் ஒரே ஒரு பெண் வந்து ஈன்றது. அம்மா என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று இங்கே பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவை. ஒரு பெண் செய்தது இது. எத்தனை அம்மாக்களை வலையில் இழந்திருக்கிறோம்?

    இனி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

இளம் பெண்கள் இரைதேடும் பகுதி எது என்பது அந்த ஆய்வின் வரைபடத்தில் இருக்கிறது. 12 மைலுக்கு வெளியே உள்ள அந்தப் பகுதியிலும் கணவாய்ப் பருவம் முடியும்வரை வலை இறங்கக் கூடாது. கப்பல்கள் வெளிக்கடலுக்குப் போகட்டும். அதனால் எங்கள் கூடத்துக்குப் பெட்டி குறைந்தால், வேலை நேரம் குறைந்தால், அந்த இழப்பில் என் பங்கை நான் ஏற்கிறேன். வலையில் இறப்பவற்றை ஆண், பெண், இளையது, வளர்ந்தது என்று பிரித்து, எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

அடுத்த பெப்ரவரிக்கு முன் இதை முடிவு செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிலைத் தமிழில் எழுத வேண்டியதில்லை, ஒரு பந்திக்கு மேல் எழுதவும் வேண்டாம். எவை இறக்கின்றன என்ற கேள்விக்கு அதில் விடை இருந்தால் போதும்.

இப்படிக்கு,
டனீடினிலிருந்து ஒரு மீன்கூடத் தொழிலாளி