கோப்பிக் கணக்கேடுகள் மழையில் அழிவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர் நூலக வாசகர்கள்,
செட்டிநாட்டுப் பகுதி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: நூலகத்தின் இரண்டாம் கட்டு அறையில் உள்ள இலங்கைக் கோப்பி (காப்பி) காலப் பேரேடுகள் நனைந்து அழிவது – கூரையைச் சீரமைக்க வேண்டுதல் – முன்பு கொடுத்த மனுக்களின் தொடர்ச்சி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஊருணியின் மேல்கரையில், தேர்முட்டிக்கு எதிரே, நூலகமாக இயங்கிவரும் பழைய வளவு வீட்டைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். இலங்கைக்குக் கொண்டுவிற்க (வணிகம் செய்ய) சென்ற குடும்பங்கள் பொதுவுக்கென்று கொடுத்த பேரேடுகளும் கடிதக் கட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றித் தருமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

1. கண்டிச் சீமையில் 1820களில் தொடங்கிய ஆங்கிலேயர் கோப்பித் தோட்டங்கள் பெருகி, 1870 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் அந்தர் (ஓர் அந்தர் ஏறக்குறைய 50 கிலோ) ஏற்றுமதியானது. கொள்முதலுக்கான ரொக்கத்தைக் கைமாற்றியவர்களில் எங்கள் பகுதி நகரத்தார் முக்கியமானவர்கள். அதே தோட்டங்களில் வேலை செய்வதற்காக இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமை மக்கள் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். பணம் போன ஊரும் உழைப்பு போன ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களே. ஆகவே இவற்றை ஒரு சமூகத்தின் சொந்தக் கணக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

2. அங்கே நின்றது அராபிகா என்ற கோப்பி இனம். யேமனிலிருந்து வெளியே போன விதை மிகச் சொற்பம் என்பதால், மலை மலையாக நின்ற செடிகள் ஏறக்குறைய ஒரே வார்ப்பாக இருந்தன. 1869இல் இலைத்துரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படரும், இலை உதிரும், காய்ப்பு நின்றுபோகும். எதிர்த்து நிற்க வேறு வகை இல்லாததால் 20 ஆண்டுகளுக்குள் கோப்பி பெயரளவுக்குச் சுருங்கி, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. மைசூர்ச் சீமையிலும் பழைய ‘சிக்’ வகை நொடித்தபின் ‘கூர்க்’ வகைக்கு மாறினார்கள். அதுவும் துருவுக்குப் பணிந்தது. 1911இல் கென்ட் என்ற தோட்டக்காரர் தம் தோட்டத்தில் நோய் தாங்கி நின்ற செடியைப் பொறுக்கி எடுத்ததால் ‘கென்ட்ஸ்’ வந்தது. 1925இல் பாலெஹொன்னூரில் தொடங்கிய ஆய்வு நிலையம் அந்தக் கென்ட்ஸைக் கலந்துதான் எஸ். 795 வகையை உருவாக்கியது. பழைய வகைகளின் கதையைத் துரைமார் எழுதிய அறிக்கைகளில் படிக்கலாம். ஆனால் சிங்களக் குடியானவரின் வீட்டுத்தோட்டக் கோப்பி என்ன விலைக்குப் போயிற்று, துரைமார் தோட்டத்துக் கோப்பி என்ன விலைக்குப் போயிற்று, எந்த வருஷத்தில் வரவு நின்றது என்பதைத் தமிழில் வரிவரியாக எழுதிவைத்தவை எங்கள் ஏடுகள். தாது வருஷப் (1876–77) பேரேட்டில் பக்கம் பக்கமாக ஓடும் கோப்பி வரவு, சித்திரபானு வருஷப் (1882–83) பேரேட்டில் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வரிகளைத்தான் இப்போது மழை தின்கிறது.

3. கூரைகள் கூடும் மூலையில் நாட்டு ஓடு சரிந்துவிட்டது. மழைநீர் கைமரம் வழியாக இறங்கி, அலமாரியின் மேல்தட்டில் நேராகச் சொட்டுகிறது. மை கரைந்து, முதலில் போவது எண்கள். விலையும் எடையும் போனபின் மிஞ்சுவது பெயர் மட்டுமே. நனைந்து காய்ந்த தாள்கள் அப்பளக் கட்டுப்போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரிக்கப் போனால் எழுத்து எதிர்த்தாளோடு போய்விடுகிறது. அடியில் ஈரம் தங்கியதால் கரையான் ஏறி, கடிதக் கட்டுகளில் நடுப்பகுதி மண்ணாகிவிட்டது. நாங்கள் தார்ப்பாய் போட்டோம், காற்று கிழித்தது. வாளி வைத்தோம், இரவில் நிரம்பி வழிந்தது. எடுத்து ஊற்ற ஆள் இல்லை, ஏனெனில் காவலர் பணியிடம் நிரப்பப்படவே இல்லை. சுவரில் நீர் கசிவதால் விளக்கைப் போடவும் அஞ்சுகிறோம். பார்வையிட வந்தவர் முற்றத்தில் நின்று முகப்புத் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார். அறையைத் திறக்கச் சொல்லவே இல்லை, ஐயா! எங்கள் மனுக்களுக்கெல்லாம் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. ‘மதிப்பீடு தயாராகிறது’ என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். இன்னும் எத்தனை மழைக்கு அது தயாராகும்? ஓடு மாற்றுவதற்குக் கொத்தனார் உள்ளூரிலேயே இருக்கிறார், செலவில் ஒரு பகுதியை ஏற்கவும் நாங்கள் ஆயத்தம். பொதுக் கட்டடத்தில் கைவைக்க அனுமதி இல்லை என்கிறார்கள். அவர்களும் செய்வதில்லை, எங்களையும் செய்ய விடுவதில்லை என்றால், இந்த ஏடுகள் அழியட்டும் என்றுதானே பொருள்?

4. ஓடு மாற்ற உத்தரவிடுங்கள். அதுவரை ஏடுகளை முகப்பை ஒட்டிய காய்ந்த அறைக்கு மாற்றவாவது அனுமதி தாருங்கள். ஒட்டாமல் மிஞ்சிய பக்கங்களையேனும் படமெடுத்துவைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

5. ஐப்பசி நெருங்குகிறது, ஐயா. தயவுசெய்து அதற்குள்.

கடுமையாக ஏதேனும் எழுதியிருந்தால் அது வேதனையால் வந்தது என்று கொள்ளுங்கள். தாங்களே ஒருமுறை நேரில் வந்து, அந்த இரண்டாம் கட்டு அறையைத் திறக்கச் செய்து பார்க்க வேண்டும் என்று மீண்டும் மீண்டும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர் நூலக வாசகர்கள்